செல்

ஸ்காபரோவிலிருந்து நிரோஜன் அனுப்பிய வீடியோவில்
ஒருவன் இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி
நாலடி நடக்கிறான்.
'மச்சாள், இதுதான் ஸ்டெம் செல்.
சென்னையில செய்யினமாம்.
பதினாலு லட்சம், இந்தியக் காசு.
நாங்கள் நாலு பேர் சேர்ந்து போடுறம்.'

பதினொரு தரம் பார்த்தேன்.
முதலில் அவன் காலை.
பிறகு சப்பாத்தை மட்டும்.
குதிப்பக்கம் தேய்ந்திருந்தது.
ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய என் செருப்பின் அடியில்
விலைத்துண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் செல் என்றால்
முதலில் கூவிக்கொண்டு வரும், பிறகு விழும்.
பக்கத்து வளவுக் கனகேஸ் அக்கா
கோழிக்கூட்டைச் சாத்திவிட்டு வந்து கேட்டா:
'செல்லால போனது செல்லால வருமே?'
சிரித்தோம். அவதான் முதலில் நிறுத்தினா.

கற்சிலைமடு சிவராசன் போய்வந்தவன்.
ரோட்டோரக் காணியை விற்றுத்தான் போனான்.
பெருவிரல் அசைந்தது என்று சத்தியம் பண்ணுகிறான்.
அவன் மனுசி ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு
குசினிக்குள் போனவள்
நான் வெளிக்கிடும் வரைக்கும் வரவில்லை.
இழுப்பு வந்தால் என் பெருவிரலும்தான் அசைகிறது,
இரவில், என்னைக் கேட்காமல்.

வியாழக்கிழமை மாங்குளம் கிளினிக்.
டொக்டர் ஷர்மிளன் போனை வாங்கிக் கடைசிவரை பார்த்தார்.
'தமிழில குருத்தணு எண்டு சொல்லுவினம்.
இன்னும் என்னவா வாறதெண்டு முடிவெடுக்காத அணு.
தோலாகலாம், இரத்தமாகலாம்.
நரம்பாகுமோ எண்டுதான் பார்க்கினம்.
எலியில நடந்திருக்கு.
மனிசரில இன்னும் உறுதியாச் சொல்ல ஏலாது.
காசு வாங்கிச் செய்யிற இடங்களுக்கு
அந்த 'இன்னும்' தெரியாது.'

'ஆராய்ச்சியிலயாவது என்னைச் சேர்ப்பினமே?'

அவர் என் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில்
நெல்மணி அளவில் மூன்று வெள்ளைப் புள்ளி.
'எம்ஆர்ஐ எடுக்காமல் சேர்க்க மாட்டினம்.
அது பெரிய காந்தம், தங்கச்சி.
உள்ள இருக்கிற இரும்பை அது கூப்பிடும்.'

ஆக, செல் இருப்பதால் செல் இல்லை.
சொல்லவில்லை. பாவம்,
மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்
மேசையிலேயே ஆறிக்கொண்டிருந்தது அவருக்கு.

ஓட்டோ வர முக்கால் மணித்தியாலம்.
மரத்தின் கீழ் வீல்செயாரை நிறுத்திவிட்டு
அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
முடிவெடுக்காத.
பதினேழு வயதில் நானும் அப்படித்தான்.
நேர்சாகலாம். கணக்கு ரீச்சராகலாம்.
ஒன்றுமே ஆகாமல்
பரந்தன் சந்தியில் தையல் கடை போடலாம்.
மாசி மாதம் ஒருநாள் விடியப்புறம்
படலையடியில் ஒரு பிக்கப் வந்து நின்றது.
பிறகு என்னவாக என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
முடியை வெட்டினார்கள்.
ஒரு பெயர் தந்தார்கள், இரண்டு மாதம் வைத்திருந்தேன்.
சித்திரையில், மாத்தளனில்,
கூவிக்கொண்டு வந்தது.

நிரோஜனுக்கு வொய்ஸ் போட்டேன்:
'சென்னை வேண்டாம்.
படுக்கைப்புண் வராத காத்து மெத்தை ஒன்று,
நல்ல ரியூப் ஒரு வருஷத்துக்கு.
மிச்சக் காசு உங்களிட்டையே இருக்கட்டும்.'
இரண்டு நீலச் சரி விழுந்தது.
பதில் இல்லை.
அழுகிறானோ, வேலைக்குப் போய்விட்டானோ.
வீடியோவை நான் அழிக்கவில்லை.

இரவு. கரண்ட் இல்லை.
கால் தன்பாட்டில் உதைத்து ஓய்ந்தது.
இடுப்பெலும்பில் கையை வைத்துப் பார்க்கிறேன்.
கைக்குத் தெரிகிறது, இடுப்புக்குத் தெரியவில்லை.
இதற்குள்ளேதான் இருக்கிறதுகளாம்,
இன்னும் ஒன்றும் ஆகாததுகள்,
இவ்வளவுக்குப் பிறகும், என்னட்டை.

பிள்ளையள்,
ஆரும் கூப்பிட்டவுடனே போகாதேயுங்கோ.
என்னவாக எண்டு முதலில் கேளுங்கோ.